அலமாரியில மூடிங்க ஆடின வருஷம்

போன வாரம் ஆஸ்திரேலியாவுலேர்ந்து, எங்க அண்ணன் கூட பேண்டுல வாசிச்ச டிரம்ஸ்காரரு போன்ல ஒரு செய்தி அனுப்பிச்சாரு. ஏதோ வெளிநாட்டு ராக் பேண்டாம், அதுல கிட்டார் வாசிச்ச பெரியவரு செத்துட்டாராம். ஜனங்க ஒரு பார்க்குல கூடி, மெழுகுவத்தி ஏத்தி வச்சி, அவரு ரெக்கார்டைப் போட்டுக் கேட்டு அழுவுறாங்க. போட்டோ இருந்துச்சு. நரைச்ச தாடிக்காரங்க, சின்னப் பசங்க, கைக்குழந்தையைத் தூக்கிட்டு வந்த பொம்பளைங்க, எல்லாரு மூஞ்சியும் வீங்கிக் கெடக்கு. கீழ டிரம்ஸ்காரரு ஒரு வரி எழுதியிருந்தாரு. "உங்க அண்ணன் இருந்திருந்தா இன்னிக்கி சோறு எறங்கியிருக்காது."

முருங்கைக்கீரை ஆய்ஞ்சிக்கிட்டிருந்தவ அப்படியே முறத்தைத் தள்ளி வச்சிட்டேன். எனக்கும் அன்னிக்கி சோறு எறங்கல.

இத்த நம்ம சுரங்கத்து லைன் வீட்டு ஆளுங்களுக்குத்தான் சொல்றேன். என் வயசு ஆளுங்க நீங்க. பாதிப் பேரு முட்டி வலின்னு ஒக்காந்துட்டீங்க, மீதிப் பேரு இன்னும் விடியக்காத்தால பெங்களூர் ரயிலுக்கு ஓடுறீங்க. வாட்ஸாப்பு குரூப்புல 'நம்ம தங்கவயல்ல அந்தக் காலத்துலயே ராக் பேண்டு இருந்துச்சு தெரியுமா'ன்னு பீத்திக்கிறீங்களே, ஒரு வார்த்தை கேக்கறேன். அன்னிக்கி அந்தப் பேண்டு வாசிச்ச வாசகசாலை தகரத்து மேல கல்லு உட்டது யாரு? எனக்கு ஆளுங்களைத் தெரியும். பேரு சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க.

அப்ப நான் ஆறாவது படிக்கிறேன். நம்ம லைன் வீடுங்க ஞாபகம் இருக்கில்ல? மேல தகரம், நடுவுல செவுரு, செவுரும் கூரை வரைக்கும் போவாது. ஒரு வீட்டுல தும்முனா நாலாவது வீட்டுல 'ஆயுசு நூறு'ன்னு குரல் வரும். எங்க வீட்டுல ஒரு அலமாரி இருந்துச்சு. சுரங்கத்துக்கு வெடி மருந்து வர்ற பலகைப் பெட்டியைப் பிரிச்சி அப்பாவே அடிச்சது. அதுல அம்மா பாத்திரங்களை ஒசரத்து வரிசைப்படி அடுக்கி, மேல் தட்டுல மூடிங்களை மட்டும் நிக்க வச்சிருக்கும். பெரிய அண்டா மூடிலேர்ந்து காப்பி டம்ளர் மூடி வரைக்கும். பள்ளிக்கூடம் உட்டு வந்தா அதுல என் மூஞ்சி பெருசுலேர்ந்து சின்னதா வரிசையா தெரியும்.

அந்த மூடிங்கதான் எங்க வீட்டுக்குச் சேதி சொல்ற தபால்காரன். கீழ பாறை அழுத்தம் தாங்காம வெடிச்சா, ஏர்பிளாஸ்ட்டுன்னு சொல்லுவோமே, அது வந்தா மொதல்ல மூடிதான் ஆடும். சங்கு ஊதறதெல்லாம் அப்புறம். மூடி கலகலன்னுச்சுன்னா அம்மா அடுப்புல தண்ணியை ஊத்தி அணைச்சிட்டு, எப்படி இருக்குதோ அப்படியே சுரங்கத்துல எறங்கற ஷாஃப்ட்டுக்கு ஓடும். அம்மா மட்டுமா? லைன்ல உள்ள பொம்பளைங்க எல்லாரும். மாவு கையோட, தலைவிரிகோலமா, இடுப்புல குழந்தையோட. கேட்டுக்கு வெளிய போய் நிக்கணும். ஆளுங்களை ஏத்திக்கிட்டு கேஜ் மேல வரும்போது ஆளுங்க மொகத்தைப் பாக்கணும். தன் ஆளு வந்தா அவரு கையிலேர்ந்து சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கிட்டு முன்னாடி நடக்கணும். ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. அவ்வளவுதான் சடங்கு. அப்படிப் போய் நிக்கறதாலதான் ஆம்பளைங்க உசுரோட மேல வர்றாங்கன்னு நம்ம அம்மாங்க நம்புனாங்க. அதுல சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை பேசிட்டுத் தப்பிச்சவ எவளும் கிடையாது.

சரி, பேண்டுக்கு வர்றேன்.

மூணே பேருதான். எங்க அண்ணன் கிட்டார். பின்லைன்ல இருந்த சட்டைக்காரர், அதான் ஆங்கிலோ இந்தியர், அவங்க வீட்டுப் பையன் டிரம்ஸு. அவங்க அப்பா கிளப்புல டான்ஸுக்கு வாசிக்கறவரு, பழைய டிரம்ஸ் செட்டு வீட்டுலயே கெடந்துச்சு. மூணாவது ஆளு தெலுங்குக்காரரு, மேல வர்க்ஷாப்புல எலக்ட்ரிசியன். அவருதான் அடி சுருதில உறுமுற பேஸ் கிட்டார். அண்ணனோட கிட்டாரைக்கூட அவருதான் செஞ்சாரு. பலாமரத்து ஒடம்பு. ஒடைஞ்ச டெலிபோன் உள்ள இருக்கிற கம்பியைச் சுத்தி அதுக்குக் கரண்டு குடுத்தாரு. சிவப்பு பெயிண்டு. தண்ணி டேங்குக்கு அடிச்ச பெயிண்டுல மிச்சம். நெனைச்சா எனக்கு இன்னமும் அந்த பெயிண்டு வாசனை மூக்குல வருது. காணாமப் போன சாமானுக்கு இவ்வளவு வாசனை எதுக்குன்னு நானே என்னைத் திட்டிக்கறது உண்டு.

டிரம்ஸ்காரர் வீட்டுல ஒரு ரெக்கார்டு பிளேயர் இருந்துச்சு. அவங்க சித்தப்பா கப்பல்ல வேலை செஞ்சவரு, எங்கேர்ந்தோ ஒரு இசைத்தட்டு கொண்டாந்து குடுத்திருந்தாரு. அந்தத் தட்டுல ஒரு பக்கம் பூராவும் ஒரே பாட்டு! நான் அண்ணன் கூடவே தொத்திக்கிட்டுப் போவேன். டிரம்ஸ்காரரோட அம்மா எனக்கு ஒரு துண்டு கேக்கு குடுத்து ஜன்னலாண்ட ஒக்கார வைப்பாங்க. கேக்கு தீந்துடும், பாட்டு தீராது.

மொதல் தடவை கேட்டப்ப எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. பாடறவன் ரெண்டு வரி பாடிட்டு எங்கியோ பூட்டான். கிட்டார் மட்டும் தனியா கெளம்பிப் போவுது. பேஸு அது பின்னாடியே நடந்து போவுது, சின்னப் புள்ளையைக் கண்பார்வையில வச்சிக்கிற பெரிய மனுஷனாட்டம். டிரம்ஸு ஒரு எடத்துல நின்னுக்கிட்டே மெல்ல காலை மாத்துது. போவுது, போவுது, போயிட்டே கீது. அவ்வளவுதான், தொலைஞ்சிட்டாங்கடா சாமின்னு நெனைக்கும்போது, எங்கேர்ந்தோ அந்த மொதல் ரெண்டு வரி மெட்டு வந்து நிக்கும். அண்ணன் அந்த எடத்துல கண்ணை மூடிக்கும்.

"இன்னாண்ணா இது, பாட்டா?"ன்னு கேட்டேன்.

"பாட்டுதான் பாப்பா. அப்பா சொல்லும்ல, ஒரு ஷாஃப்ட்டுல எறங்கி, லெவல் லெவலா நடந்து, வேற ஷாஃப்ட்டு வழியா மேல வந்தேன்னு? அந்த மாதிரி. எறங்கறது எல்லாருக்கும் தெரியும். எந்த வழியா மேல வருவோம்னு வாசிக்கறவங்களுக்கே தெரியாது."

இன்னிக்கி பெங்களூர்ல பசங்க இதுக்கு ஜாமு, ஜாம் பேண்டுன்னு ஏதேதோ பேரு சொல்றாங்க. எனக்கு அண்ணன் சொன்னதே போதும். அதுக்கு மேல வெளக்கமா யாரும் எனக்குச் சொன்னதில்ல.

லைன் கடைசில இருந்த வாசகசாலைலதான் பிராக்டீஸு. புத்தர் படத்துக்குக் கீழ, பழைய பேப்பர் கட்டுங்களுக்கு நடுவுல. கம்பெனி கரண்டு இருந்துச்சு, கேக்க ஆளில்ல. எலக்ட்ரிசியன் பலகைப் பெட்டிங்களை ஒட்டி, ஆளு ஒசரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பொட்டி செஞ்சாரு. அந்தப் பொட்டில பேஸ் கிட்டாரைச் சொருகி மொத தடவை கம்பியைத் தட்டினப்ப, எங்க வீட்டு அலமாரில மூடிங்க ஆடுச்சு.

அம்மா அடுப்பை அணைச்சிட்டு ஓடிடுச்சு. லைனே ஓடிச்சு! கேட்டுக்கிட்ட போய் நின்னா, காவல்காரரு சிரிக்கறாரு. "இன்னாம்மா எல்லாரும் ஊர்வலமா? ஒண்ணும் இல்ல, போங்க போங்க." திரும்பி வந்ததும் எல்லாருமா வாசகசாலைக்குள்ள பூந்து மூணு பேரையும் கிழிச்ச கிழி இருக்கே! ஒரு பாட்டி முறத்தாலயே எலக்ட்ரிசியன் முதுவுல போட்டாங்க. கல்லு விழ ஆரம்பிச்சது அந்த வாரத்துலேர்ந்துதான்.

ஆனா பழகிடுச்சு. மனுஷனுக்கு எதுதான் பழகாது? பொட்டியை பெஞ்சு மேல ஏத்தி வச்சாங்க, ஆட்டம் கொறைஞ்சிச்சு. ஏர்பிளாஸ்ட்டுன்னா பட்டுன்னு ஒரே ஆட்டம், அப்புறம் அடங்கிடும். பேஸுன்னா தொடர்ந்து ஆடும். இந்த வித்தியாசம் எங்க லைன் பொம்பளைங்களுக்கு அத்துப்படி ஆயிடுச்சு.

எங்க அம்மா அதுக்கும் மேல போயிடுச்சு. இது உங்க யாருக்கும் தெரியாது. வெளிய எல்லாரோடவும் சேந்து "இந்த எழவு சத்தம் எப்ப நிக்குமோ"ன்னு சொல்லும். உள்ள, அலமாரிக்கு எதுர்ல ஒக்காந்து வெங்காயம் உரிச்சிக்கிட்டே மூடிங்களைப் பாத்துக்கிட்டு இருக்கும். பெரிய மூடி ஆடுனா ஒண்ணு, சின்ன மூடி கிலுகிலுன்னா இன்னொண்ணு. "தோ, உங்கண்ணன் எறங்கிட்டான்"னும். கொஞ்ச நேரம் கழிச்சி, "இன்னும் மேல வரல பாரு, எங்க சுத்துறானோ"ன்னும். மெட்டு திரும்பி வந்ததும், "அப்பாடா, வந்துட்டான்"னு ஒரு பெருமூச்சு. அதுக்கப்புறம்தான் வெங்காயத்தை சட்டில போடும். அந்த வருஷம் எங்க வீட்டுக் கொழம்பெல்லாம் அண்ணன் பாட்டு முடிஞ்சப்புறம்தான் தாளிச்சது.

அப்பா கதை வேற. ஷிஃப்டு முடிஞ்சி வந்தா, காதுல இன்னும் மிஷின் சத்தம் ஓடிக்கிட்டிருக்குன்னு சொல்லுவாரு. அண்ணனைப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாரு. "முடிவே இல்லாம வாசிக்கறியே, அது இன்னாடா பாட்டு?" பதிலுக்குக் காத்துக்கிட்டு நிக்க மாட்டாரு, குளிக்கப் போயிடுவாரு. அப்பாவுக்கு இதெல்லாம் புடிக்காதுன்னு நாங்க எல்லாரும் முடிவே பண்ணிட்டோம்.

அந்தச் சமயத்துலதான் பெங்களூர் காலேஜு ஒண்ணுல வாசிக்கக் கூப்புட்டாங்க. வர்ற சனிக்கெழமை. ஐயோ, அண்ணன் மொகத்தைப் பாக்கணுமே! தரையில கால் பாவல. அம்மா அக்கம்பக்கத்துல தெரியாம மூணு பேருக்கும் ஒரே மாதிரி சட்டை தெச்சிது. ஊதாப் பூ போட்டது, கை அகலமா. பாக்கச் சகிக்காது. "நானும் வரேன்டா. கடைசி வரிசைல ஒக்காந்து பாத்துட்டு வந்துடறேன்"னுச்சு அம்மா. அண்ணன் அப்படியே அம்மாவைத் தூக்கி ஒரு சுத்து சுத்துச்சு. "கீழ உடுடா எருமை!"

அந்த வியாழக்கெழமை பள்ளிக்கூடம் லீவு. பேத்தமங்களா ஏரித் தண்ணி வர்ற நாளு, குழாயடில கூட்டம் முடிஞ்சி அம்மா கொடத்தை எறக்கி வச்சிட்டு, அடைக்கு ஆட்டிக்கிட்டிருந்துச்சு. எலக்ட்ரிசியன் ஒரு பெரிய புது ஸ்பீக்கரு கொண்டாந்திருந்தாரு. மூடிப்போன சினிமா கொட்டாயிலேர்ந்து கழட்டினது. பெஞ்சு தாங்காதுன்னு பொட்டியைத் தரையிலயே எறக்கி வச்சிட்டாங்க. பெங்களூர்ல கேக்கற மாதிரி சத்தமா வாசிச்சிப் பாக்கணும்னு ஆசை. மத்தியானத்துலேர்ந்து லைனே கடகடகடன்னு ஆடுது. தகரம் ஆடுது, கொடத்துத் தண்ணில வளையம் வளையமா வருது. மூடி ஒண்ணு ரெண்டு கீழயே வுழுந்துடுச்சு. எதுர்வீட்டக்கா வாசல்ல நின்னு, "உம் புள்ள இன்னிக்கி எங்களைக் குழி தோண்டிப் பொதைக்காம விட மாட்டான்"னாங்க. அம்மா சிரிச்சிது.

மூணு மணி சங்குக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு பெரிய ஆட்டம். எல்லா மூடியும் ஒண்ணா சரிஞ்சி வுழுந்துச்சு. நான் காதைப் பொத்திக்கிட்டேன். அம்மா ஆட்டுக்கல்லுலேர்ந்து கையை எடுத்துச்சு. ஒரு நிமிஷம் அப்படியே நின்னுச்சு. எனக்கு அந்த நிமிஷம் நல்லா ஞாபகம் இருக்கு. கையிலேர்ந்து மாவு சொட்டுது. வாசகசாலைலேர்ந்து பேஸு நிக்காம போயிட்டே கீது. அம்மா காதைக் குடுத்துக் கேட்டுச்சு. அப்புறம், "அவ்ளோ ஆழமா எறங்கிட்டான் போல"ன்னுட்டு, மூடிங்களைப் பொறுக்கிக் கழுவி மறுபடி வரிசையா அடுக்கிட்டு, மாவுல கையை வச்சிது. கொஞ்ச நேரத்துல ஊதின சங்கையும் மூணு மணி சங்குன்னுதான் நெனைச்சோம். லைன்ல ஒருத்தியும் வெளிய வரல.

அப்பா அஞ்சு மணிக்கு மேலதான் வந்தாரு. லேட்டானா பயப்பட மாட்டோம், கேட் மீட்டிங் இருக்கும், யூனியன்காரங்க பேசிக்கிட்டு நிப்பாங்க. அம்மா கல்லுல அடை தட்டிக்கிட்டே, "இன்னாங்க, மீட்டிங்கா?"ன்னு கேட்டுச்சு.

அப்பா வாசப்படிக்கு உள்ள வந்து, குனிஞ்சி, தூக்கைத் தானே தரையில வச்சாரு.

"ஏர்பிளாஸ்ட்டு"ன்னாரு.

அம்மா அலமாரியைப் பாத்துச்சு. அப்புறம் தரையில இருந்த தூக்கைப் பாத்துச்சு. அடை கருகுற வாசனை வந்துச்சு, யாரும் எடுக்கல.

யாருக்கும் உசுரு போகல. வேற ஆழத்து லெவல்ல ஒருத்தருக்குக் கால் நசுங்கிடுச்சு, மத்த எல்லாரும் மேல வந்துட்டாங்க. ஆனா கேஜு மேல வந்தப்ப மத்த லைன் பொம்பளைங்க எல்லாம் கேட்டுல நின்னிருக்காங்க, எங்க லைன்லேர்ந்து ஒரு சனம் இல்ல. மறுநாள் குழாயடில கேட்டாங்களே ஒரு கேள்வி! "உங்க லைன்ல பொம்பளைங்களே இல்லையா? இல்ல, ஆம்பளைங்க வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?" எங்கம்மா கொடத்தை அங்கியே உட்டுட்டு வந்துடுச்சு. நான்தான் அப்புறம் போய்த் தூக்கிட்டு வந்தேன்.

அப்பா ஒண்ணும் சொல்லல. அதுதான் அம்மாவை அரிச்சிது. ரெண்டு அடி அடிச்சிருந்தாகூட ஆறியிருக்கும். அந்த மனுஷன் எப்பவும் போல குளிச்சாரு, சாப்புட்டாரு, படுத்தாரு. தனியா நடந்து வந்ததுல மனசு ஒடைஞ்சிபோச்சு, அதான் பேச மாட்றாருன்னு அம்மா முடிவு கட்டிடுச்சு.

வெள்ளிக்கெழமை சாயங்காலம் அண்ணனைக் கூப்புட்டு எதுர்ல ஒக்கார வச்சிது. திட்டல. திட்டியிருந்தா அண்ணன் எதுத்துப் பேசியிருக்கும்.

"நீ நல்லா வாசிக்கறடா. அது எனக்குத் தெரியும், உன்னைவிட எனக்கு நல்லாத் தெரியும். ஆனா பூமி ஆடுனா எனக்குத் தெரியணும். எனக்குன்னு இருந்த ஒரே சேதி அதுதான். அத்த நீ எடுத்துக்கிட்டா நான் எத்தைடா நம்புறது?"

"பேஸு இல்லாம வாசிக்கறோம்மா"ன்னுச்சு அண்ணன்.

சனிக்கெழமை பெங்களூருக்குப் போகல. பேஸு இல்லாம கொஞ்ச நாளு வாசிச்சிப் பாத்தாங்க. எலக்ட்ரிசியன் மூலைல ஒக்காந்து வெறுங்கையைத் தொடையில தட்டிக்கிட்டிருப்பாரு. அய்ய, சோறு இல்லாம கொழம்பு மட்டும் குடிக்கிற மாதிரி இருந்துச்சு அந்தப் பாட்டு. அதுவும் நிலைக்கல. ஏன்னா அம்மாவுக்கு இப்ப அந்த வித்தியாசத்தை நம்பவே முடியாம போயிடுச்சு. டிரம்ஸு ஒதையில சின்ன மூடி லேசா கிணுக்குன்னாலும் எழுந்து ஓடும். தெரியும், பேண்டுதான்னு தெரியும். ஆனாலும் ஓடும். நான் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் பின்னாடியே ஓடுவேன். கேட்டுல காவல்காரரு தலையில அடிச்சிப்பாரு. மத்த லைன் பொம்பளைங்க பைத்தியம்னு சிரிச்சாங்க.

ஒரு நாளு நாங்க அப்படித் திரும்பி வரும்போது அண்ணன் வாசகசாலை வாசல்ல நின்னுச்சு. அம்மா வெறுங்காலு ரத்தமா இருந்துச்சு, கருங்கல் சல்லி குத்தி. அண்ணன் அந்தக் காலைப் பாத்துச்சு. உள்ள போயி கிட்டார்லேர்ந்து ஒயரைப் புடுங்கிச்சு. அவ்வளவுதான் நம்ம ஊரு ராக் பேண்டோட வரலாறு. அதுக்கு எந்தப் பார்க்குலயும் யாரும் மெழுகுவத்தி ஏத்தல.

அடுத்த வருஷம் டிரம்ஸ்காரரு குடும்பத்தோட ஆஸ்திரேலியாவுக்குக் கெளம்பினாரு. அண்ணன் சிவப்புக் கிட்டாரை அவரு கையில குடுத்து, "நீ எடுத்துனு போ, இங்க இருந்தா கை அது மேலயே போவும்"னுச்சு. அங்க போற வழியில ஏதோ ஒரு துறைமுகத்துல அது தொலைஞ்சிபோச்சாம். அண்ணன் சுரங்கத்துல சேந்துச்சு. மிஷின் கூலிக்காரன். பாறைல ஓட்டை போடற மிஷினைப் புடிச்சிக்கினு நாள் பூரா நிக்கணும், அது ஒடம்பையே ஆட்டிடும். அம்மா இப்ப ரெண்டு பேருக்காக ஓடுச்சு.

பல வருஷம் கழிச்சி அப்பாவுக்கு நெஞ்சுல தூசி அடைச்சி, படுக்கையோட கெடந்தாரு. ஒரு நாளு அண்ணன் ஷிஃப்டுல இருந்துச்சு, அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்துச்சு. அப்பா தானாவே பேசினாரு.

"பாப்பா, அன்னிக்கி ஏர்பிளாஸ்ட்டு ஆச்சே, நான் ஒண்டியா வந்தேனே…"

"ஆமாப்பா."

"நேரா வீட்டுக்கு வரல. வாசகசாலைக்குப் பின்னால ஒரு கல்லு கெடக்கும், அதுல ஒக்காந்துட்டேன். உள்ள அவன் வாசிச்சினு இருந்தான். கீழ எங்களுக்கு லைட்டு போயி, எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம தடவித் தடவி வேற ஷாஃப்ட்டு வழியா மேல வந்தோம். அவன் பாட்டும் அப்படியே தடவித் தடவி வந்துச்சு. எனக்கு அழுகையா வந்துடுச்சு. முடியற வரைக்கும் கேட்டுட்டுத்தான் எழுந்தேன்." மூச்சு வாங்கினாரு. "நல்லாத்தான் வாசிச்சான்."

"அத்த ஏம்பா அன்னிக்கே சொல்லல?"

"யாரு கேட்டா?"

எனக்கு வந்த கோவம் இருக்கே! சாவப் போற மனுஷனைப் போட்டு உலுக்கணும் போல இருந்துச்சு. அம்மா வந்ததும் அம்மாகிட்ட சொன்னேன். அம்மா மருந்து பாட்டிலைக் கையில வச்சிக்கிட்டே, "என் மேல கோவம் இல்லையா அப்ப?"ன்னு கேட்டுட்டு ஒக்காந்துடுச்சு. அண்ணன் ஷிஃப்டு முடிஞ்சி வந்தப்ப அதுக்கிட்டயும் சொன்னேன். "அப்படியா"ன்னுச்சு. பின்கட்டுக்குக் கை கழுவப் போயி ரொம்ப நேரம் வரல.

அப்பா போயி சில வருஷத்துல சுரங்கத்தை மூடிட்டாங்க. சங்கு நின்னுபோச்சு. நம்ம எல்லாருக்கும் காது அடைச்ச மாதிரி இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? மணி என்னன்னு தெரியாம சோறு பொங்கினோம். பம்பு நின்னதும் கீழ தண்ணி ஏறுதுன்னு பேசிக்கிட்டாங்க. அண்ணன் வாசல்ல சும்மா ஒக்காந்து ரோட்டைப் பாக்கும்.

ஒரு நாளு மத்தியானம் அம்மா அலமாரியைத் தொடைச்சிக்கிட்டே, அண்ணனைப் பாக்காம சொல்லுச்சு. "கீழதான் இப்ப யாரும் இல்லியே. இனிமே வாசிக்கலாமேடா."

அண்ணன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. மிஷின் புடிச்ச கை. விரல் நுனி வெள்ளையா செத்துப் போயிருக்கும், சுடுதண்ணி பட்டாகூட தெரியாது. "கிட்டாரும் இல்ல, விரலும் இல்ல. இன்னாத்த வாசிக்கறதும்மா"ன்னு சிரிச்சிது. ஆனா சாயங்காலம் ஆளைக் காணோம். எலக்ட்ரிசியன் வீட்டுக்குப் போயிருக்கு. அந்த ஸ்பீக்கர் பொட்டியை அவங்க வீட்டுல அரிசி கொட்டி வச்சிருந்தாங்க. அவரு சம்சாரம், "கெழவனுங்களுக்கு இப்ப இன்னா பேண்டு கேக்குது?"ன்னு கத்தக் கத்த, ரெண்டு பேருமா அரிசியைப் பாயில கொட்டிட்டு, பொட்டியைத் தள்ளுவண்டில வச்சி எங்க வீட்டுக்குத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. பேஸ் கிட்டாரும் வந்துச்சு. கழுத்து கோணியிருந்துச்சு, கம்பி துரு.

எலக்ட்ரிசியன் ஒயரை மாட்டினாரு. "பேஸுன்னா கம்பி தடி. விரலுக்குத் தெரியலேன்னாலும் எலும்புக்குத் தெரியும், நீயே வாசி"ன்னு அண்ணன் மடியில வச்சாரு. அம்மா அலமாரிக்கு எதுர்ல பழைய எடத்துல போயி ஒக்காந்துச்சு. புடவை முந்தியை இழுத்துச் சொருகிக்கிட்டு, கல்யாண வீட்டுல ஒக்காந்த மாதிரி.

அண்ணன் ஒரு கம்பியைத் தட்டுச்சு. ஒண்ணும் ஆகல. கொஞ்சம் அழுத்தித் தட்டுச்சு. பொட்டில மிச்சம் இருந்த அரிசி உள்ள சலசலன்னுச்சு. மறுபடி தட்டுச்சு. பெரிய மூடி மெல்ல ஆட ஆரம்பிச்சிது. அப்புறம் அடுத்தது, அதுக்கடுத்தது. காப்பி டம்ளர் மூடி வரைக்கும் வந்துடுச்சு. அண்ணன் கண்ணை மூடிக்கிச்சு. அந்தப் பழைய ரெண்டு வரி மெட்டு, தடுக்கித் தடுக்கி. நான் அம்மா மொகத்தைப் பாக்கத் திரும்பினேன்.

அம்மா அங்க இல்ல.

அடுப்புல தண்ணி ஊத்தின பொகை வந்துச்சு. அம்மா வாசல்ல நின்னுக்கிட்டிருந்துச்சு. ஒரு கால்ல செருப்பு மாட்டியாச்சு, இன்னொரு காலு மண்ணுல செருப்பைத் தேடுது. கண்ணு ஷாஃப்ட்டு கோபுரத்துப் பக்கம் இருந்துச்சு.

அண்ணன் கம்பி மேல உள்ளங்கையை வச்சி அமுக்குச்சு. கிட்டாரை எறக்கி வச்சிட்டு எழுந்து வந்து, அம்மா தோளைப் புடிச்சிது.

"மா. நான் இங்கதான் கீறேன்மா. மேலதான் கீறேன்."

அம்மா திரும்பி அண்ணன் மொகத்தைப் பாத்துச்சு. கேஜுலேர்ந்து எறங்குற ஆளைப் பாக்கற மாதிரி, மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்துச்சு.

"தெரியும்டா"ன்னுச்சு. "எனக்குத் தெரியும். இந்தக் காலுக்குத்தான் தெரியல."